காரோடு வரும் சட்நவ்வா, தனியாக வாங்கும் சட்நவ்வா? பழைய கார் வாங்க முன் ஆலோசனை தேவை

வடலி (ஹரோ)

எல்லோருக்கும் வணக்கம். ஏழு பேர் இருக்கக்கூடிய 2016 டீசல் கார் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். யூரோ 6 புகைத்தரம் என்பதால், லண்டனில் புகை கூடிய கார்களுக்கு அறவிடும் யூலெஸ் காசு கட்டத் தேவையில்லை. ஒரே மொடல், கிட்டத்தட்ட ஒரே மைல் ஓடிய இரண்டு கார்கள் கைக்கு எட்டும் விலையில் நிற்கின்றன. ஒன்றில் டாஷ்போர்ட்டிலேயே சட்நவ் (வழி காட்டும் கருவி) இருக்கிறது, பெரிய திரை. மற்றதில் ரேடியோவும் புளூடூத்தும் மட்டும். விலை வித்தியாசம் 600 பவுண்.

லண்டனுக்குள் எனக்கு வழி சொல்ல ஆள் தேவையில்லை. பிரான்சில் கலேயில் இறங்கிய பிறகுதான் பிரச்சினை. கோடையில் ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போவோம், வரும் வழியில் பாரிசில் தங்கச்சி வீடு, சில வருடம் அப்படியே சுவிஸ் வரைக்கும். அம்மா, மாமி, பிள்ளைகள், கூரையில் ஒரு பெட்டி. நடு வழியில் தவறான பக்கம் திரும்பினால் காருக்குள் எல்லோரும் ஒரேயடியாக வழி சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அண்ணை சொல்கிறார் காரில் பூட்டி வருவதுதான் சுத்தம், வயர் தொங்காது, திரை பெரிசு என்று. மனைவி சொல்கிறா போன் இருக்கும்போது இரண்டுக்குமே காசு வீண் என்று. நான் தனியாக ஒரு டொம்டொம் அல்லது கார்மின் வாங்கலாமோ என்று யோசிக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

---

திருப்புளி (வெம்பிளி)

கார்களுக்கு ரேடியோ, பின்பக்கக் கமரா, சட்நவ் பூட்டுவதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

600 பவுண் கூடக் கேட்கிற காரைப் பார்க்கப் போனால் ரயரைப் பார்க்க முன் உள்ளே ஏறி இருந்து திரையைத் தட்டுங்கள். அமைப்புகளுக்குள் வரைபடம் எந்த ஆண்டினது என்று எழுதியிருக்கும். 2015 அல்லது 2016 என்று இருந்தால், கார் வாங்கிய நாளில் இருந்து ஒருவரும் அதைப் புதுப்பிக்கவில்லை. அதுதான் வழமை. பிறகு வரைபடம் உள்ள எஸ்டி கார்ட் அதன் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். கன கார்கள் கை மாறும்போது அந்தக் கார்ட் காணாமல் போய்விடுகிறது. வேறு காரின் கார்டைக் கொண்டுவந்து செருகினாலும் பல மொடல்களில் வேலை செய்யாது, அந்தந்தக் காருக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். கடைசியாக, உங்கள் போனை வயரில் செருகி, போனின் வரைபடத்தைக் காரின் திரையில் காட்டும் அண்ட்ரொய்ட் ஓட்டோ அல்லது கார்பிளே வருகிறதா என்று பாருங்கள். 2016 இல் சில கார்களில் வந்தது, சிலவற்றில் இல்லை. அது வருமானால் 600 பவுண் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். வராவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

இனி காரில் பூட்டியதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கனபேர் கவனிப்பதில்லை. கூரையில் அன்ரெனா இருக்கிறது, வானம் அதற்குத் தெளிவாகத் தெரியும். அதைவிட முக்கியம், சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்ற கணக்கு அதற்குப் போகிறது, கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்ல உள்ளே ஒரு ஜைரோவும் இருக்கிறது. சட்டலைட் அறவே இல்லாவிட்டாலும் அது தன் பாட்டில் கணக்குப் பார்த்து அம்பை நகர்த்தும். தேம்ஸ் ஆற்றுக்குக் கீழே போகும் பிளாக்வோல் சுரங்கத்துக்குள் ஒரு தரம் பாருங்கள்: காரின் சட்நவ் வளைவுக்கு வளைவு சரியாக வந்துகொண்டே இருக்கும். தனிக் கருவியும் போனும் சுரங்க வாயில் கண்ட கடைசி வேகத்தை வைத்து ஊகித்துத்தான் ஓடும். உள்ளே நெரிசலில் நின்றுவிட்டால் கார் நிற்கும், அம்பு மட்டும் முன்னால் போய்விடும்.

இது தற்செயலாக வந்த வசதி இல்லை. 2000 மே வரைக்கும் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்தது, நூறு மீட்டர் வரை பிழை காட்டும். அந்தக் காலத்துக் கார் சட்நவ்கள் சில்லையும் ஜைரோவையும் நம்பித்தான் ஓட வேண்டியிருந்தது. 2000 மேயில் அந்த மழுங்கலை நிறுத்திய பிறகுதான் கண்ணாடியில் ஒட்டும் சின்னக் கருவிகள் உருப்படியாக வரத் தொடங்கின.

ஆக, தான் எங்கே நிற்கிறது என்பதைக் காரில் பூட்டியது நன்றாக அறியும். ஆனால் அந்த இடத்தில் இப்போது என்ன வீதி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பழைய கார் வாங்குகிறவருக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய விடயம்.

---

இரவோட்டம் (ஈஸ்ட்ஹாம்)

திருப்புளி அண்ணை சொன்னதற்குக் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. சில்வர்டவுன் சுரங்கம் 2025 ஏப்ரல் 7 திறந்தார்கள். அன்றிலிருந்து பிளாக்வோலுக்கும் காசு. என் காரில் பூட்டியிருக்கும் சட்நவ்வுக்கு இந்த இரண்டுமே தெரியாது. சில்வர்டவுனுக்குள் இறங்கினால் அம்பு வீதியை விட்டுக் கழன்று தேம்ஸ் ஆற்றின் நீலத்துக்கு மேலே தனியே போகும். குரல் "முடிந்தால் திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மறுகரையில் ஏறி இரண்டு சந்தி தாண்டிய பிறகுதான் அடங்கும். பின் இருக்கையில் இருக்கிற பயணி என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

புதுப்பிக்கலாமா என்று டீலரிடம் கேட்டேன். வரைபடத்துக்கு மட்டும் நூறு பவுணுக்கு மேல், அதற்கும் கிடைப்பது ஒரு வருடம் பழையது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இன்னொன்று, வேக எல்லை. வேல்ஸில் 2023 செப்டெம்பர் 17 இல் இருந்து ஊர்மனைக்குள் மணிக்கு 30 மைலாக இருந்த வீதிகள் பெரும்பாலும் 20 ஆகிவிட்டன. கார்டிஃபுக்கு ஆட்களைக் கொண்டுபோனால் காரின் திரை இன்னும் 30 என்றே காட்டுகிறது. அதை நம்பி ஓடினால் லைசன்ஸில் தண்டப் புள்ளி விழும். வழி தெரியாவிட்டால் சுற்றிப் போகலாம். வேக எல்லையைப் பிழையாகக் காட்டுகிற கருவியைவிடக் கருவியே இல்லாமல் போவது மேல்.

நான் ஓடுவது தனிச் சட்நவ்வில். போனில் வேலை தரும் செயலி திறந்தபடி இருக்க வேண்டும், அதே திரையில் வரைபடத்தையும் வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

---

காவிரிக்கரை (ஸ்லாவ்)

வடலி அண்ணா, நான் உங்கள் வீட்டம்மா கட்சி. 2026-ல் தனியாக நேவிகேஷன் கருவி வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. போனில் வரைபடம் எப்போதும் புதுசு, யாரும் டீலரிடம் போய் நிற்க வேண்டாம். காலையில் லண்டன் சுற்றுவீதி எம்25-ல் விபத்து என்றால் அடுத்த சில நிமிடத்தில் சிவப்புக் கோடு விழுகிறது, ஏனென்றால் அந்த ரோட்டில் நிற்கும் ஆயிரம் போன்களும் தங்கள் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்தின் அளவுக்குத் தனிக் கருவி செய்யும் எந்தக் கம்பெனியாலும் ஈடு கொடுக்க முடியாது.

ஐரோப்பாவுக்குப் போகும்போது டேட்டா கவலை என்றால் வீட்டு வைஃபையிலேயே பெல்ஜியம், ஹாலந்து, ரைன் பக்கம் எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் இல்லாமலும் வழி காட்டும்.

சத்தமில்லாமல் இருக்கும் இன்னொரு வசதி, தமிழ்க் குரல். என் அப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது முன் சீட்டில் உட்கார்ந்து, "அடுத்த வட்டத்துல இடதுபக்கம்" என்று போன் சொல்வதற்கு முன்பே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தனிக் கருவிகளில் தமிழ்க் குரல் நான் பார்த்ததில்லை.

என் யோசனை: சட்நவ் இல்லாத காரை வாங்குங்கள். ரேடியோவைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோ வருகிற திரையாகப் பூட்டுங்கள். கூலியோடு 300 பவுண்டு அளவில் முடியும். 600-ல் பாதி.

---

செவ்வந்தி (குரோய்டன்)

நான் கம்யூனிட்டி நேர்ஸ். வேலை முழுக்க வீடு வீடாகப் போவதுதான், பொழுதுக்கும் காரும் சட்நவ்வும்தான். இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

முதலாவது போஸ்ட்கோட். இங்கே ஒரு முழுப் போஸ்ட்கோட் சராசரியாக 15 வீடுகளைத்தான் குறிக்கும். அதை முழுதாகப் போட்டால் வாசலுக்குக் கிட்டப் போய் நிற்கலாம். ஆனால் ஐரோப்பாவில் செய்த பழைய கார்கள் சிலவற்றில் பூட்டிய சட்நவ் முதல் ஐந்து எழுத்தை மட்டும் ஏற்கும், கடைசி இரண்டைத் தட்ட விடாது. பிறகு வீதிப் பெயரைத் தேட வேண்டும். நியூ அடிங்டன் பக்கம் ஒரே மாதிரி வீதிகள், ஒரே மாதிரிக் கட்டடங்கள். உள்ளே ஒரு முதியவர் இன்சுலினுக்குக் காத்திருக்கும்போது வெளியே நின்று எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வடலி அண்ணா, அந்தக் காரில் உங்கள் வீட்டுப் போஸ்ட்கோடை முழுதாகத் தட்டிப் பாருங்கோ. ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, தம்பி காவிரிக்கரைக்கு. போன் நல்லது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஜூன், ஜூலை வெயிலில் கண்ணாடியில் பூட்டிய போன் சார்ஜிலும் இருந்து, வரைபடமும் ஓடி, வெயிலும் பட்டால் சூடேறித் திரையை மங்கலாக்கிவிடும், சில நேரம் "ஆறவிடவும்" என்று நின்றேவிடும். தனிச் சட்நவ் அந்த இடத்தில் இருக்கவென்றே செய்தது, எனக்கு ஒருநாளும் அப்படி நிற்கவில்லை. அதோடு, வார்டில் இருந்து அழைப்பு வந்தால் போன் திரையில் வரைபடம் ஒதுங்கிவிடுகிறது. சரியாகச் சந்தியில்தான் அழைப்பு வரும்.

கையில் போனை எடுக்கவே கூடாது என்பதை யாரும் மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். கையில் வைத்து எதைச் செய்தாலும் 200 பவுணும் ஆறு புள்ளியும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு ஆறு புள்ளி என்றால் லைசன்ஸே போய்விடும். தாங்கியில் இருந்து போன் விழுந்தால் கை தானாகக் குனிந்து எடுக்கப் பார்க்கும். அந்த ஒரு கணம் போதும். தனிக் கருவி விழுந்தால் அதைக் குனிந்து எடுக்க எனக்கு மனம் வருவதில்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

---

வடலி (ஹரோ)

எல்லோருக்கும் நன்றி. காரை மறுபடி போய்ப் பார்த்தேன். வரைபடம் 2015/16 என்று இருக்கிறது. கார்ட் இருக்கிறது. போஸ்ட்கோட் ஐந்து எழுத்தோடு நின்றுவிட்டது, செவ்வந்தி சொன்னது போலவே. கார்பிளே இல்லை, அண்ட்ரொய்ட் ஓட்டோவும் இல்லை. விற்பவர் "லைவ் ட்ரஃபிக் (அந்தந்த நேரத்து நெரிசல் தகவல்) வரும்" என்றார், ஆனால் திரையில் இணைப்பு இல்லை என்றுதான் காட்டுகிறது.

ஐரோப்பாப் பக்கம் ஓடுகிறவர்கள் சொல்லுங்கோ, அங்கே எது உதவும்?

---

திருப்புளி (வெம்பிளி)

லைவ் ட்ரஃபிக் வராததற்குக் காரணம் விற்பவருக்கும் தெரிந்திருக்காது. அந்த வயதுக் கார்களில் கனவற்றுக்கு உள்ளே இருப்பது 3ஜி மொபைல் இணைப்பு. 2024, 2025 இல் இங்கே 3ஜியை ஒவ்வொரு நிறுவனமாக நிறுத்திவிட்டார்கள். திரைக்கு ஒரு பிழையும் இல்லை, அது பேசத் தெரிந்த ஆள்தான் இப்போது ஊரில் இல்லை. காரில் பூட்டியதைக் கழற்றி 4ஜி போட முடியாது. தனிக் கருவி என்றால் அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம்.

காவிரிக்கரை தம்பி சொன்ன 300 பவுண் திரை நல்ல வழிதான், நானே வாரம் முழுக்க அதைத்தான் பூட்டுகிறேன். ஆனால் எல்லாக் காரிலும் நடக்காது. பத்து வருடத்துக்கு உட்பட்ட கார்களில் ரேடியோவோடு ஹீட்டர் அமைப்பும், பார்க்கிங் சென்சர் படமும், சில வேளை காரின் மொழி அமைப்பும் சேர்ந்தே இருக்கும். ரேடியோவைக் கழற்றினால் அவையும் போய்விடும். மொடல் பெயரை எனக்குத் தனியே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

மணவறை (லூஷம்)

நாங்கள் கல்யாண மண்டப அலங்காரம் செய்கிறவர்கள். மணவறை, தூண், பூவேலை எல்லாம் லூட்டன் எனப்படும் உயரமான பெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு பாரிஸ், ஜெனீவா என்று ஓடுவோம். வடலி அண்ணை கூரையில் பெட்டி என்று எழுதியதைப் பார்த்தவுடன்தான் இதை எழுத வந்தேன்.

உயரம்! பாரிசுக்கு மேற்கே ஏ86 வீதியில் டூப்ளெக்ஸ் என்று ஒரு சுரங்கம் இருக்கிறது. ருவேயில் மல்மேசோனில் இருந்து வெலிசி வரைக்கும் 10 கிலோமீட்டர், மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இரண்டிலும் கார் ஓடும். இரண்டு தட்டு வைத்ததால் கூரை தாழ்வு, இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான வாகனம் போக முடியாது. ஏழு இருக்கைக் கார் தனியே என்றால் தாராளமாகப் போகும். கூரைத் தண்டு போட்டு அதன்மேல் பெட்டியும் வைத்தால்? அளந்து பாருங்கள், பல கார்கள் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். சாதாரணச் சட்நவ்வும் சரி, போனும் சரி, உங்களுடைய உயரத்தைக் கேட்காது. கார் என்று நினைத்து அங்கே அனுப்பிவிடும். வாயிலில் தடை இருக்கும், எச்சரிக்கை இருக்கும், ஆனால் பின்னால் வாகனம் நிரம்பி நிற்க அந்த இடத்தில் விலகுவது லேசான காரியம் இல்லை.

நாங்கள் வைத்திருப்பது லொறி, கரவன் ஓட்டுகிறவர்களுக்கென்று வரும் தனிச் சட்நவ். உயரம், அகலம், நிறை மூன்றையும் போட்டுவிட்டால் தாழ்ந்த பாலம் இருக்கிற வழியைத் தானே தவிர்க்கும். கார் சட்நவ்வைவிட விலை கூட. எங்களுக்கு அது இல்லாமல் தொழில் இல்லை. காரில் பூட்டியது எதிலும் இப்படி உயரம் போடும் இடத்தை நான் காணவில்லை. உங்களுக்கு அவ்வளவு விலைக்குப் போகத் தேவையில்லை, ஆனால் பெட்டி பூட்டிய பிறகு உயரத்தை அளந்து ஒரு துண்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். மீட்டரில் எழுதுங்கள், அடிக் கணக்கில் வேண்டாம், அங்கே பலகை எல்லாம் மீட்டர்தான்.

---

வடக்குப்பாரிஸ் (சென் டெனி)

பாரிசில் இருந்து ஒரு எச்சரிக்கை. லண்டன் ஆட்கள் சட்நவ்வில் வேகக் கமரா எச்சரிக்கையைப் போட்டபடியே இங்கே வந்து இறங்குகிறார்கள். பிரான்சில் கமரா நிற்கிற இடத்தைக் காட்டும் கருவி 2012 ஜனவரியில் இருந்து தடை. அபராதம் 1500 யூரோ வரைக்கும் போகலாம். அதனால்தான் இங்கே விற்கும் கருவிகள் கமரா என்று காட்டாமல் "ஆபத்து வலயம்" என்று நீளமான ஒரு துண்டைக் காட்டும், மோட்டர்வேயில் அது 4 கிலோமீட்டர் வரைக்கும் நீளும். புதிய தனிக் கருவிகள் எல்லையைத் தாண்டியதும் தாமாகவே இதற்கு மாறிவிடும். பழைய காரில் பூட்டிய வரைபடத்தில் யாராவது முன்னைய உரிமையாளர் கமரா பட்டியல் ஏற்றி வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. பொலிஸ் மறித்தால் அது பழைய உரிமையாளரின் வேலை என்று சொல்லித் தப்ப முடியாது.

பாரிசைச் சுற்றும் பெரிபெரிக் சுற்றுவீதி 2024 ஒக்டோபரில் இருந்து மணிக்கு 50 கிலோமீட்டர். பழைய வரைபடம் 70 அல்லது 80 என்று காட்டும். இங்கே எங்கள் ஆட்களில் கனபேருக்குக் கடிதம் வந்தது அதனால்தான். லா சப்பலுக்குக் கடைக்கு வருவதென்றால் சட்நவ் சொல்வதைக் கேட்டுக் காரை உள்ளே கொண்டுவர வேண்டாம். வெளியே நிறுத்திவிட்டு மெத்ரோவில் வாருங்கள்.

---

ரூர்க்கரை (டோர்ட்முண்ட்)

வணக்கம் வடலி அண்ணா. நாங்கள் இங்கே நவி என்று சொல்வோம். கலேயில் இருந்து ஹம்முக்கு வரும் வழியில் நீங்கள் நான்கு நாட்டைத் தொடுகிறீர்கள், நான்கிலும் சட்டம் வேறு.

பெல்ஜியத்தில் அன்ட்வெர்ப்பில்தான் எல்லோரும் மாட்டுவது. ஸ்கெல்ட் ஆற்றைக் கடக்க கென்னடி சுரங்கம், காசு இல்லை, ஆனால் வெள்ளி பின்னேரம் என்றால் அசையாது. வடக்கே லீஃப்கென்ஸ்ஹுக் சுரங்கம், காசு உண்டு, பெரும்பாலும் ஓடும். எது நல்லது என்பது அந்த நேரத்து நெரிசலைப் பொறுத்தது. அந்தத் தகவல் கெந்த் தாண்ட முன்னமே கைக்கு வர வேண்டும். லைவ் ட்ரஃபிக் இல்லாத நவி உங்களை நேரே கென்னடிக்குள் கொண்டுபோய் நிறுத்தும். நெட் இல்லாமல் இறக்கி வைத்த போன் வரைபடமும் அதைத்தான் செய்யும்.

நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் பகலில் மணிக்கு 100 கிலோமீட்டர். 2020 மார்ச்சில் இருந்து காலை 6 முதல் மாலை 7 வரை மோட்டர்வே பெரும்பாலும் அப்படித்தான். 2016 வரைபடம் பல இடத்தில் 130 என்று சொல்லும். ஐந்தோவன் பக்கம் கமராக்கள் சும்மா நிற்கவில்லை.

ஜேர்மனியில் சாரதி கமரா எச்சரிக்கையை ஓடவிட்டபடி ஓட்டக்கூடாது, 75 யூரோவும் ஒரு புள்ளியும். சுவிஸில் இன்னும் கடுமை, கருவியையே பறித்து அழித்துவிடலாம். அதனால் கமரா எச்சரிக்கையை எங்கே நிறுத்துவது என்று வீட்டிலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூர் பக்கம் வந்தால் ஏ40, ஏ2 இரண்டிலும் எந்த நேரமும் வேலை நடக்கும். நான் இருக்கிற ஊர்தான், ஆனாலும் நவியைப் போடாமல் ஏ2 இல் ஏறமாட்டேன், வழிக்காக இல்லை, நெரிசலுக்காக.

---

காவிரிக்கரை (ஸ்லாவ்)

ரூர்க்கரை எழுதியது: "லைவ் ட்ரஃபிக் இல்லாத நவி உங்களை நேரே கென்னடிக்குள் கொண்டுபோய் நிறுத்தும்."

இதைத்தான் நானும் சொல்கிறேன். லைவ் ட்ரஃபிக்தான் முக்கியம் என்றால், பெரும்பாலான தனிக் கருவிகள் அதைப் போனிலிருந்து புளூடூத் வழியாகத்தானே வாங்குகின்றன? போன் எப்படியும் வேண்டும், ரோமிங் எப்படியும் வேண்டும். அப்புறம் எதற்கு இன்னொரு திரை? அதற்குப் போகும் 150 பவுண்டுக்குப் பிள்ளைகளை ஒருநாள் எங்காவது கூட்டிப்போகலாம்.

---

இரவோட்டம் (ஈஸ்ட்ஹாம்)

தம்பி, கேள்வி நியாயமானது. என் பதில் இது: நெரிசல் தகவலுக்குப் போகும் டேட்டா மிகக் கொஞ்சம். போன் பொக்கற்றில் இருக்கலாம், பின்னால் மனைவியின் கைப்பையில் இருக்கலாம். திரை அணையலாம், அழைப்பு வரலாம், பிள்ளை படம் பார்க்கலாம். வழி காட்டும் திரை அதன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். டேட்டா போனால் நெரிசல்தான் போகும், வழி போகாது, கருவிக்குள்ளேயே முழு ஐரோப்பாவும் இருக்கிறது. சிம் உள்ளே வைத்தே வரும் மொடல்களும் உண்டு, விலை கூட.

போனிலும் எல்லாம் இறக்கி வைக்கலாம், உண்மை. ஆனால் இறக்கி வைத்த சதுரத்துக்கு வெளியே ஒரு திசைமாற்றம் வந்தால்? ஏழு பேரோடு நள்ளிரவில் பெல்ஜியத்தில் நான் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பமாட்டேன்.

தனிக் கருவியிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பெட்டியில் ஆயுட்கால வரைபடம் என்று எழுதியிருந்தால், நிறுவனம் அந்தக் கருவியை ஆதரிக்கும் வரைக்கும்தான் அது. 2018 இல் டொம்டொம் பழைய கருவிகள் சிலவற்றுக்குப் புதுப்பிப்பை நிறுத்தியது, உள்ளே இடம் போதவில்லை என்றார்கள். ஆகவே ஈபேயில் 20 பவுணுக்கு வரும் பழையதை வாங்க வேண்டாம். புதுசு வாங்குங்கள், வைஃபையில் தானே புதுப்பிக்கும் மொடலாகப் பாருங்கள். பழையவற்றைக் கொம்பியூட்டரில் செருகி இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

---

செவ்வந்தி (குரோய்டன்)

காரை விட்டு இறங்கும்போது கருவியை மட்டும் எடுத்தால் போதாது. தாங்கியையும் எடுத்து, கண்ணாடியில் இருக்கும் வட்ட அடையாளத்தையும் துடைத்துவிட வேண்டும். அந்த வட்டத்தைக் கண்டால் உள்ளே கருவி இருக்கும் என்று கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். எங்கள் வீதியில் நடந்தது. உள்ளே ஒன்றுமே இருக்கவில்லை, கண்ணாடி மட்டும் போனது. இந்த ஒரு விடயத்தில் காரில் பூட்டியது நிம்மதி.

அண்ணா, உங்கள் வீட்டில் கார் பழகும் பிள்ளை இருந்தால் இன்னொரு பயன். 2017 டிசம்பர் 4 இல் இருந்து ட்ரைவிங் டெஸ்டில் சட்நவ் பார்த்து ஓடும் பகுதி இருக்கிறது. கருவியை எக்ஸாமினரே கொண்டுவருவார். பெரும்பாலான டெஸ்டில் அதுதான், சிலவற்றில் பலகை பார்த்து ஓடச் சொல்வார்கள். வழி தவறினால் புள்ளி குறையாது, பதறிக் குறுக்கே வெட்டினால்தான் பிழை. என் மகள் என் பழைய சட்நவ்வில்தான் பழகினாள். போனில் பழகிய அவளுடைய சிநேகிதிக்குக் குரல் வரும் தூரம், அம்பின் கோணம் எல்லாம் புதுசாக இருந்ததாம்.

---

வடலி (ஹரோ)

மகளுக்கு வரும் வருடம் 17. அதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி செவ்வந்தி.

முடிவு எடுத்துவிட்டேன். சட்நவ் இல்லாத காருக்கு இன்று முற்பணம் கட்டினேன். மிஞ்சிய 600 இல் ஆறு அங்குலத் தனிக் கருவி ஒன்று, வைஃபை புதுப்பிப்போடு. லண்டனுக்குள் மனைவி ஓட்டும்போது போன்தான், அவவுக்கு அதுதான் பழக்கம். காவிரிக்கரை தம்பி கோபிக்க வேண்டாம், உங்கள் தமிழ்க் குரலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், மிகவும் பிடித்துக்கொண்டது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இந்தக் காரின் முன் கண்ணாடிக்குள் மெல்லிய தங்க நிறச் சாயல் தெரிகிறது. வெயில் தடுக்கும் கண்ணாடி என்றார்கள். அதனால் கருவிக்குப் பிரச்சினை வருமா?

---

காவிரிக்கரை (ஸ்லாவ்)

கோபமெல்லாம் இல்லை அண்ணா. எனக்கு இன்னும் போன்தான், ஆனால் அந்த டூப்ளெக்ஸ் சுரங்கம் பற்றி இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

---

திருப்புளி (வெம்பிளி)

வரும், ஆனால் வழி இருக்கிறது. அந்தச் சாயல் உலோகப் பூச்சு. வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது போலவே ஜிபிஎஸ் சமிக்ஞையையும் தடுக்கும். கருவியை ஸ்டியரிங்குக்கு நேரே கீழே ஒட்டினால் சட்டலைட் பிடிக்கவே நேரம் எடுக்கும், அடிக்கடி நழுவும். ஆனால் இப்படிப்பட்ட கண்ணாடிகளில் பின்பார்வைக் கண்ணாடியைச் சுற்றி பூச்சு இல்லாத ஒரு துண்டு விட்டிருப்பார்கள். வெளியே நின்று பார்த்தால் அந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும், சில கார்களில் சின்னப் புள்ளிகளாலான ஓரமும் இருக்கும். கருவியின் தலை அந்தத் துண்டுக்குக் கிட்ட வரவேண்டும். அதே நேரம் சாரதியின் பார்வையை மறைக்கக்கூடாது, அதற்கும் இங்கே மறித்துக் கேட்பார்கள். அதனால் நீளக் கழுத்துத் தாங்கி வாங்கி, பின்பார்வைக் கண்ணாடிக்கு இடப்பக்கம், பயணி பக்கமாகச் சற்று மேலே பூட்டுங்கள். வயரை மேல் ஓரமாகக் கொண்டுபோய் பக்கத் தூணின் இடுக்கில் செருகி இறக்கினால் தொங்காது. ஹைபீம் சுவிட்சுக்கும் கியருக்கும் நடுவில் வயர் ஓடவே கூடாது.

காரைக் கையில் எடுத்ததும் சனிக்கிழமை கொண்டுவாருங்கள், வயரைப் பியூஸ் பெட்டியில் இருந்து நேரே எடுத்துத் தருகிறேன். அப்போது சிகரெட் துளை பிள்ளைகளின் சார்ஜருக்கு மிஞ்சும். கூரைப் பெட்டியையும் பூட்டிக்கொண்டு வாருங்கள், இங்கேயே உயரத்தை அளந்துவிடலாம்.